வயிற்று வலிக்கு இத்தனை டெஸ்ட் எதற்கு? ஏற்காட்டிலிருந்து கேட்ட தம்பிக்கு

ஏற்காடு டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 58 வயது. காப்பித் தோட்டத்தில் வேலை. எட்டு வருடமாகச் சர்க்கரை. இரண்டு மாதமாகச் சாப்பிட்ட பிறகு வயிற்றின் வலது மேல்பக்கம் வலிக்கிறது, சில நாள் அந்த வலி தோள்பட்டை வரை ஏறுகிறது. டாக்டர் ரத்தப் பரிசோதனைகள், இ.சி.ஜி., வயிற்று ஸ்கேன் எல்லாம் எழுதிக் கொடுத்து, “தேவைப்பட்டால் பிறகு சி.டி. பார்க்கலாம்” என்றாராம். மாமாவோ, “எதுக்கு இத்தனை அலைச்சல்? சேலத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஒரேயடியா ஃபுல் பாடி எம்.ஆர்.ஐ. எடுத்துடு” என்கிறாராம். ஐந்து மாதம் முழுகாமல் இருக்கும் அண்ணியையும் அதே நாளில் ஸ்கேனுக்குக் கூட்டி வரலாமா என்பது கூடுதல் கேள்வி.

தம்பி, நான் டாக்டர் இல்லை. சேலத்து மருத்துவமனைகளில் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. அறைகளில் 27 வருடம் டெக்னீஷியனாக நின்றவன். நோய் இன்னதென்று சொல்வது உங்கள் டாக்டரின் வேலை. எந்த மெஷின் எதைக் காட்டும், எதைக் காட்டாது, மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் எங்கே ஒரு நாளைத் தொலைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. வலியோடு குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ, சில்லென்று வியர்த்து மூச்சு வாங்கினாலோ டெஸ்டுக்கு நாள் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கீழே எழுதியிருப்பது எல்லாம் வலி விட்டுவிட்டு வரும், ஆள் நடமாட்டமாக இருக்கும் நிலைக்குத்தான்.

இப்போது மாமாவின் யோசனைக்கு வருகிறேன். பெரிய மெஷினில் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். ஒரு டெஸ்ட் என்பது டாக்டர் மனதில் இருக்கும் ஒரு கேள்விக்கான பதில். கேள்வி இல்லாமல் எடுத்த படத்தில் பதில் இருக்காது. நீங்கள் சொல்லும் வலியைக் கேட்டால் எந்த டாக்டருக்கும் முதலில் தோன்றுவது பித்தப்பைக் கல். அந்தக் கேள்விக்கு டாக்டர் எழுதிய வயிற்று ஸ்கேன், அதாவது ஒலியால் படம் பிடிக்கும் சாதாரண அல்ட்ராசவுண்டுதான் ராஜா. கல்லின் மேல் ஒலி மோதித் திரும்புவதால் திரையில் கல் வெள்ளையாகத் தெரியும், அதன் பின்னால் கருப்பாக நிழல் விழும். அம்மாவை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால் கல் உள்ளே உருளும். அது உருளுவதைப் பார்த்ததும் டாக்டருக்குச் சந்தேகம் தீர்ந்துவிடும். பல மடங்கு செலவு பிடிக்கும் சி.டி.யில் சில கொழுப்புக் கற்கள் கண்ணிலேயே படாது. சி.டி. படம் எடுக்கும் எக்ஸ்ரே கதிருக்குப் பித்தநீரும் அந்தக் கல்லும் ஒரே மாதிரி இருப்பதால், கல் நீரோடு கரைந்த மாதிரி மறைந்துவிடும். சிறுநீர்க் குழாயில் சிக்கிய கல்லுக்குக் கதை நேர் எதிர். அதற்குச் சி.டி.தான் முந்தும், படம் எடுப்பாகத் தெரிவதற்காக ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்துகூட வேண்டாம். பித்தப்பையிலிருந்து கல் நழுவிப் பித்தக் குழாயில் மாட்டியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் அப்போதுதான் எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. வகை தேவைப்படும். மாமா சொல்லும் மெஷினுக்கும் வேளை உண்டு, இன்று அந்த வேளை இல்லை.

வயிற்று வலிக்கு இ.சி.ஜி. ஏன் என்று நீங்கள் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சீட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். இதயத்தின் அடிப்பக்கச் சுவருக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு வந்தால் வலி பலருக்கு மேல்வயிற்றில் தெரியும். சர்க்கரை இருக்கிறவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். ‘வாயுப் பிடிப்பு’ என்று பெருங்காயமும் சோடாவும் குடித்து இரண்டு நாள் கழித்து வந்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இ.சி.ஜி. ஐந்து நிமிட வேலை, வெறும் வயிறு வேண்டாம், ஏற்காட்டிலேயே எடுத்துவிடலாம். அதை முதலில் முடியுங்கள். ஓய்வாக இருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. நன்றாக இருப்பதால் மட்டும் இதயத்தில் குறையே இல்லை என்றாகிவிடாது என்பதையும் மனதில் வையுங்கள். வலி இருக்கும் நேரத்தில் எடுத்த இ.சி.ஜி.க்கு மதிப்பு அதிகம்.

இனி வெறும் வயிறு. நாள் வீணாவது பெரும்பாலும் இதில்தான். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்துக்கு உங்கள் மலையிலிருந்து ஓர் அம்மா வந்தார். விடிகாலை இருட்டில் கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரம், கோரிமேடு தாண்டி எங்களிடம் வந்து சேரும்போது மணி ஒன்பது. “சாப்பிட்டீங்களாம்மா?” என்றால், “ஒண்ணும் சாப்பிடலைங்க, பஸ் ஏறும்போது ஒரு காப்பியும் பன்னும் மட்டும்தாங்க” என்றார். படுக்கவைத்து ஜெல் தடவிப் பார்த்தால் பித்தப்பை சுருங்கி விரல் பருமனுக்குக் கிடந்தது. எண்ணெயோ பாலோ கொழுப்போ உள்ளே போனால் பித்தப்பை தன்னிடம் இருக்கும் பித்தநீரைப் பிழிந்து விட்டுவிடும். நீர் நிறைந்து பலூன் மாதிரி இருந்தால்தான் உள்ளே இருக்கும் கல் தெரியும். மறுநாள் வரச் சொன்னார்கள். அந்த அம்மா சேலையின் முந்தானையை இழுத்து முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணிப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு நாள் கூலி போயிற்று. சீட்டில் ‘வெறும் வயிறு’ என்று எழுதியிருந்தது. ஏன் என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. காரணம் தெரிந்திருந்தால் அவர் அந்தப் பன்னைத் தொட்டிருக்க மாட்டார். அன்றிலிருந்து சீட்டு கொடுக்கும்போதே காரணத்தையும் சொல்லிவிடுவது என் வழக்கமானது.

உங்களுக்கும் சொல்கிறேன். ராத்திரி எட்டரைக்குள் எண்ணெய் குறைவாகச் சாப்பாடு. அதற்குப் பிறகு ஸ்கேன் முடியும்வரை தண்ணீர் மட்டும். உங்கள் ஊரில் வரக்காப்பியைத் தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பார்கள், சேர்க்காதீர்கள். வெற்றிலை பாக்கு, புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அன்று காலை அதுவும் வேண்டாம். வயிற்றில் காற்று சேர்ந்தால் அல்ட்ராசவுண்ட் ஒலி அதைத் தாண்டிப் போகாது, பின்னால் இருக்கும் கணையம் மறைந்துவிடும். ஜெல் தடவுவதும் தோலுக்கும் கருவிக்கும் நடுவே காற்று நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். அடிவயிறும் சேர்த்து எழுதியிருந்தால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பு தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சர்க்கரை மாத்திரையை அன்று காலை வெறும் வயிற்றில் போட்டுவிட வேண்டாம். இன்சுலினும் அப்படியே. மாத்திரை போட்டு, சாப்பிடாமல், வளைவு வளைவாகப் பஸ்ஸில் இறங்கினால் பாதி வழியில் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும், வியர்க்கும், ஆளே மயங்கிவிடலாம். மாத்திரையைக் கையோடு எடுத்து வாருங்கள், சாப்பிடும்போது போடலாம். எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று முந்தின நாளே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பி.பி. மாத்திரையைப் பொதுவாக ஒரு வாய் தண்ணீரோடு போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். தலை சுற்றுகிறது, வியர்க்கிறது என்று அம்மா சொன்னால் ஸ்கேன் கெட்டுவிடுமே என்று பார்க்காதீர்கள். சர்க்கரையோ இனிப்போ உடனே வாயில் போடுங்கள். ஸ்கேனை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே நாளில் முடிக்க வரிசை இதுதான். காலையில் வந்ததும் வெறும் வயிற்று ரத்தம். அடுத்து அல்ட்ராசவுண்ட். அதன் பிறகு வழக்கமாகச் சாப்பிடும் அளவு சாப்பாடு, மாத்திரை. முதல் கவளம் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த ரத்தம். டெஸ்ட் நன்றாக வரவேண்டும் என்று நாலு இட்லி சாப்பிடும் ஆள் அன்று ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த ரிப்போர்ட்டை வைத்து டாக்டர் மருந்தைக் குறைத்துவிட்டால் கஷ்டம் அம்மாவுக்குத்தான்.

ரத்தப் பரிசோதனைகளில் எச்.பி.ஏ.1சி. என்று ஒன்று இருக்கும். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்து இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்வது அந்த டெஸ்ட். 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய் என்று வரையறை. இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. ரத்தசோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றும், அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதிலும் உங்களுக்கு ஒரு சங்கதி உண்டு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். உயரத்தில் வாழும் உடம்பு, காற்றில் ஆக்சிஜன் குறைவதை ஈடுகட்ட ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூட்டியே வைத்திருக்கும். உயரத்துக்குத் தகுந்தபடி கழித்துப் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. சேலத்து லேப் தாளில் ‘நார்மல்’ ஓரத்தில் நிற்கும் எண், மலையில் இருக்கும் பெண்ணுக்கு ரத்தசோகையாகவும் இருக்கலாம். ‘நாங்கள் மலையில் இருக்கிறோம்’ என்று டாக்டரிடம் ஞாபகப்படுத்துங்கள். கல்லீரல் டெஸ்டில் பிலிருபினும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் கூடியிருந்தால் பித்தக் குழாயில் அடைப்போ என்று பார்ப்பார்கள். அமைலேஸ், லைபேஸ் இரண்டும் கணையத்துக்கு.

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் சின்ன ரத்த டெஸ்ட்தான், அதை விட்டுவிடாதீர்கள். பிறகு சி.டி.க்குப் போக வேண்டி வந்தால் கையில் ஊசி வழியாக அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றுவார்கள். அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். எட்டு வருடச் சர்க்கரைக்காரருக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் ஏற்றக் கூடாது. மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும், எந்த மருந்துக்காவது, உணவுக்காவது உடம்பில் தடிப்பு வந்திருந்தால் அதையும், ஆஸ்துமா இருந்தால் அதையும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடாக ஒன்று பரவும். சிறுநீர் போய்விட்ட மாதிரியே இருக்கும், போயிருக்காது. இதை முன்கூட்டிச் சொல்லாததால் வெட்கத்தில் அசைந்து படத்தைக் கெடுத்துக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். அம்மாவுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

கதிர்வீச்சுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மண், வானம், சாப்பாடு வழியாக மனிதருக்கு இயற்கையாகவே வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.1 அல்லது அதற்கும் கீழே. வயிற்றுச் சி.டி. சுமார் 8 முதல் 10. மூன்று நான்கு வருட இயற்கைக் கதிர்வீச்சை ஒரே தடவையில் வாங்குகிற மாதிரி. தேவைப்படும்போது இந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. வளைவில் வண்டி கவிழ்ந்து தலையில் அடிபட்டு வருகிறவருக்கும், திடீரென்று வாய் கோணிக் கை விழுந்தவருக்கும் சி.டி.தான் உயிர் காக்கும், அங்கே யோசிக்கவே கூடாது. ‘எதற்கும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடலாமே’ என்பதற்கு மட்டும் சி.டி. எடுக்காதீர்கள். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிர்வீச்சு கிடையாது.

எம்.ஆர்.ஐ.யின் ஆபத்து வேறு மாதிரி. சாதாரணமாக இருக்கும் 1.5 டெஸ்லா மெஷினின் காந்தம் பூமியின் காந்தத்தைப் போல 30,000 மடங்குக்கு மேல். ஸ்கேன் நடக்காத நேரத்திலும், நடுராத்திரியிலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். நகையைக் கழற்றச் சொன்னால் நம் பெண்கள் வளையலையும் கொலுசையும் கழற்றிவிடுவார்கள், தாலியில் கை வைத்ததும் நின்றுவிடுவார்கள். நான் வற்புறுத்தியதே இல்லை. கவுண்டரில் ஒரு மஞ்சள் கயிற்றுக் கண்டு வைத்திருப்போம். கூட வந்த பெரியம்மா யாராவது ஒரு துண்டு மஞ்சள் கிழங்கை அதில் முடிந்து கழுத்தில் கட்டிவிட்ட பிறகு தாலியைக் கழற்றிக் கொடுப்பார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. நான் பயந்தது தாலிக்கொடியில் தொங்கும் ஊக்குகளுக்கு. ஒரு தடவை ஒரு பாட்டி கொடியில் ஏழு ஊக்கு எண்ணினேன். அத்தனையும் இரும்பு. அந்த அறைக்குள் போனால் அம்பு மாதிரி கிளம்பும். இடுப்பில் அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து, கொண்டையில் செருகிய ஊசி, ரவிக்கைக் கொக்கி எல்லாம் இதே கணக்கு. சேலத்தில் இன்னொன்றும் கேட்டே ஆக வேண்டும். லேத்துப் பட்டறை, வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர்களின் கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத் தூள் தெரியாமலே தங்கியிருக்கும். காந்தம் அதை அசைத்தால் பார்வை போய்விடலாம். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த அட்டையைக் காட்டாமல் வாசலைத் தாண்டக் கூடாது.

எக்ஸ்ரேக்கும் நகையைக் கழற்றச் சொல்கிறார்களே என்றால், அங்கே ஆபத்து ஒன்றும் இல்லை, உலோகம் படத்தை மறைக்கும், அவ்வளவுதான். 1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்கன் தன் மனைவியின் கையை எடுத்த படத்திலேயே எலும்பை விட அழுத்தமாக விழுந்திருப்பது அந்த அம்மாவின் மோதிரம்தான்.

‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ விளம்பரங்களைப் பற்றி என் கருத்து: இந்த வலிக்கு அது விடை இல்லை. 70 டெஸ்ட் போட்டால் அதில் இரண்டு மூன்று, நோயே இல்லாத ஆளுக்கும் எல்லைக்கு வெளியே விழும். சிறுநீரகத்தில் ஒரு சாதாரண நீர்க்கட்டி, கல்லீரலில் கொஞ்சம் கொழுப்பு என்று ரிப்போர்ட் வந்ததும் குடும்பமே தூக்கமில்லாமல் அலையும். அந்தப் பணத்தில் அம்மாவின் கண் விழித்திரையையும் பாதத்தையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பாருங்கள். எட்டு வருடச் சர்க்கரைக்கு அவைதான் அவசரம்.

அண்ணியைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள். குழந்தையின் உறுப்புகள் சரியாக வளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்க வேண்டியது, ஐந்தாம் மாதம் சரியான நேரம். அவருக்கு வெறும் வயிறு வேண்டாம், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். அவருடைய அடையாள அட்டை வேண்டும், ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள், வீட்டுப் பெரியவர்கள் யாரையும் கேட்கவும் விடாதீர்கள். 1994-ஆம் வருடச் சட்டப்படி சொல்கிறவருக்கும் தண்டனை, கேட்கிறவருக்கும் தண்டனை. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பெண் பிள்ளையைப் பிறந்த அன்றே கள்ளிப்பாலுக்குக் கொடுத்த மாவட்டம் இது. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் அரசு சேலத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது. குழந்தையின் இதயத்தில் நாலு அறையும் துடிப்பதைப் பார்க்கத்தான் அந்தத் திரை இருக்கிறது. வேறு எதற்காகவும் ஒருவரும் அதைப் பார்க்கக் கூடாது என்பதில் நான் கடைசிவரை பிடிவாதமாக இருந்தேன்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாம் எல்லாரும் பெரியாஸ்பத்திரி என்று சொல்வது, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம்தான். வழக்கமான ரத்தப் பரிசோதனைகளுக்கும் அல்ட்ராசவுண்டுக்கும் அங்கே போகலாம். சி.டி., எம்.ஆர்.ஐ. மையத்தைத் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் நடத்துகிறது, வெளியே கேட்பதை விடக் கட்டணம் மிகவும் குறைவு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அசல், ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் கொண்டு வாருங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். அங்கே படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜி டாக்டர்கள் ஒரு நாளில் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை அதிகம், அந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கடைசியில் ‘இம்ப்ரெஷன்’ என்று இருக்கும் பத்தியை மட்டும் படியுங்கள். நடுவில் இருப்பதைப் படித்து இரவெல்லாம் போனில் தேடாதீர்கள். ‘கிளினிக்கலி கோரிலேட்’ என்று இருந்தால், நோயாளியைத் தொட்டுப் பார்த்த டாக்டர் இதோடு சேர்த்து முடிவு செய்யட்டும் என்று பொருள். அல்ட்ராசவுண்டில் ஒன்றும் இல்லை என்று வந்து வலி மட்டும் தொடர்ந்தால் விட்டுவிடாதீர்கள். இரைப்பைப் புண் அல்ட்ராசவுண்டில் தெரியாது, அதற்கு எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும்.

படத்தைப் பத்திரமாக வையுங்கள். இப்போது வரும் ஃபிலிம் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகிறது, வெப்பத்திலேயே கறுத்தும் போகும். அடுப்புக்கு மேல் பரணில் செருகி வைத்து முழுக்கக் கருப்பாகிப்போன சி.டி. ஃபிலிமை ஒருவர் என்னிடம் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். பழைய படத்தோடு ஒப்பிட்டிருந்தால் அவருக்கு அன்று இன்னொரு சி.டி. தேவைப்பட்டிருக்காது. துணிப் பெட்டியில், மடிக்காமல், தட்டையாக வையுங்கள். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் டிஸ்க்கில் படத்தைப் பதிந்து கொடுத்தால் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இதற்கு முன் எங்கேயாவது ஸ்கேன் எடுத்திருந்தால், எத்தனை வருடப் பழசாக இருந்தாலும், அந்த உறையை இந்தத் தடவை பையில் முதலில் எடுத்து வையுங்கள். அதற்குப் பக்கத்திலேயே இட்லி டப்பாவும் மாத்திரையும் இருக்கட்டும், ஸ்கேன் முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடட்டும்.